வலது காலில் இருந்த பயம்

டிரைவிங் ஸ்கூலில் அவருக்குப் பஞ்சு மாஸ்டர் என்று பேர். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாமல் சுவரில் கொண்டுபோய் முட்டினவரிடம்கூட, "பரவாயில்ல சார், சுவருக்கு வலிக்கல" என்பார். வெளியில்தான் இந்த வெல்லம். வீட்டுக்குள் மகள் ஒரு டம்ளரைக் கீழே போட்டால் போதும், "கண்ணை எங்க வச்சிருந்த?" என்று அவர் கத்துவது தெருமுனை வரை கேட்கும். அவள் நடக்கப் பழகிய நாளிலிருந்து இதே பாட்டுதான்.

மகள் நர்ஸ். வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலை கிடைத்திருந்தது. கார் ஓட்டத் தெரியாவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும். அப்பாவிடம் ஒரே ஒரு நாள் பழகினாள். பாதி வழியில் இறங்கி, அழுதுகொண்டே நடந்து வீட்டுக்கு வந்தாள்.

"இன்னொரு தடவ கத்தினீங்கன்னா நான் தனியா வீடு பாத்துட்டுப் போயிடுவேன்ப்பா."

அவள் சொன்னால் செய்கிறவள். மனைவிதான் அங்கே இங்கே விசாரித்து, மனநல ஆலோசகரான ஓர் அம்மாவிடம் அவரை அனுப்பினாள்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமாம்மா?" என்றார் மாஸ்டர், உட்கார்ந்ததுமே. இந்தப் பழமொழியைச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் வளைய மனசில்லாதவர்கள், அது வேறு கதை.

"வளைக்க வேணாம் சார். எங்க இறுகுதுன்னு பாக்கலாம்," என்றார் ஆலோசகர். "கத்தறதுக்குக் கொஞ்சம் முன்னாடி உடம்புல என்ன ஆகுது?"

இதென்ன கேள்வி என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் யோசித்துப் பார்த்தார். "வலது கெண்டைக்கால் இறுகும்."

சொல்லிக்கொடுக்கிற காரில் மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பழக்கதோஷம் என்று சிரித்து மழுப்பினார். ஆலோசகர் விடவில்லை. வாராவாரம் கண்ணை மூடச் சொல்லி, டம்ளர் விழுகிற சத்தத்தை நினைக்கச் சொல்லி, அந்த இறுக்கத்திலேயே இருக்க வைத்தார். "இதே கால் முதல்ல எப்ப இப்படி இறுகிச்சு?"

ஒரு நாள் அது வந்தேவிட்டது. சைக்கிள். பின்னால் தம்பி. சரிவான ரோடு, பிரேக் பிடிக்கவில்லை, கால் தரையில் தேய்கிறது. தம்பி முகமெல்லாம் ரத்தம். வாசலில் பெல்ட்டோடு அப்பா நிற்கிறார்.

"கண்ணை எங்கடா வச்சிருந்தன்னு கேட்டுக் கேட்டு..." சொல்லும்போதே மாஸ்டருக்கு உறைத்தது. அதே வார்த்தை. அந்தப் பெரிய மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார்.

"அப்ப உங்களுக்கு இருந்தது கோவமா சார்?"

"பயம்மா. தம்பி செத்துட்டான்னு நினைச்சேன்."

"அதைச் சொல்ல அன்னைக்கு யாரும் விடல. இனி கால் இறுகினா அதை மட்டும் முதல்ல சொல்லிடுங்க. கத்தணும்னா அப்புறம் கத்திக்கலாம்."

மகளிடம் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி காரில் ஏற்றினார். நாற்சந்தியில் அவள் பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பினாள். பின்னால் லாரி ஹார்ன் காதைக் கிழித்தது. மாஸ்டர் பிரேக்கை மிதித்தார். லாரி உரசாமல் போனது. 'கண்ணை' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முழுங்கினார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா."

மகள் திடுக்கிட்டு வண்டியை ஓரம்கட்டி, சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். "நெஞ்சு வலிக்குதாப்பா? இடது கை மரத்துப்போகுதா?"

பாவம், அப்பா இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"வலியெல்லாம் இல்லம்மா. பயம்தான். எப்பவுமே அதுதான், கத்தினதெல்லாம் அதுதான்."

அவள் கையை எடுக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு லாரியெல்லாம் பயமில்லப்பா. எப்பக் கத்துவீங்கன்னு உங்களையே பாத்துட்டிருக்கேன். அதான் கண்ணாடியப் பாக்க மறந்துடறேன்."

மாஸ்டர் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். "நான் இறங்கிக்கவாம்மா?"

"வேணாம். உக்காருங்க."

வலது கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மகள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள்.