சர்வர் ரூமில் நான் வைத்த பொட்டு

அண்ணாமலையாரை நம்பி நடக்கிற எல்லோருக்கும் வணக்கம். ஒரு தாயும் பிள்ளையும் என் கையால் போய்விடுவார்கள் என்று நான் நடுங்கிய ஒரு பகல் உண்டு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் மஞ்சுளா எழுதுகிறாள்.

நம்ம ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் வாட்ச்மேன். அங்கேயே மஞ்சுளா கம்ப்யூட்டர் இன்சார்ஜ். டாக்டர், நர்ஸ் மேசைகளில் இருப்பது வெறும் திரைதான். எல்லோருடைய கம்ப்யூட்டரும் இரண்டாவது மாடி சர்வர் ரூமில் பெட்டிக்குள் இருக்கிறது. பாஸ்வேர்டு கேட்டு, ஆளைப் பார்த்து, அவரவர் கம்ப்யூட்டருக்கு அனுப்பி வைக்க இரண்டு கனெக்‌ஷன் சர்வர். எனக்குப் புரியணும் என்று மஞ்சுளா இப்படிச் சொன்னாள்: "நம்ம கோயில் வாசல் மாதிரிப்பா. ராஜகோபுரம் ஒண்ணு, அம்மணியம்மன் கோபுரம் ஒண்ணு. ஒண்ண சாத்திட்டு வேலை பாத்தா, ஜனம் இன்னொண்ணு வழியா உள்ள போய்டும்."

போன ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் கலைந்து, ஆஸ்பத்திரியிலும் ஆள் கம்மி. அதனால் பகலிலேயே இரண்டு வாசலையும் புது வெர்ஷனுக்கு மாற்ற அவள் அனுமதி வாங்கியிருந்தாள். முதலில் ஒன்று. அது சரியாக ஓடினால் அடுத்தது. முதல் வாசலான பெட்டியை நிறுத்திவிட்டு, வார்டுகளில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கீழே போனாள். ரூம் சாவி என்னிடம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் கீழ்பென்னாத்தூரில் ஆயில் என்ஜின் மெக்கானிக்கிடம் பத்து வருஷம் இருந்தேன். அவர் பெரிய முன்கோபி. ஸ்பானர் பறந்து வரும். ஆனால் எந்த என்ஜினைப் பிரித்தாலும் முதலில் பைப்பைக் கழற்றி, நன்றாகத் துடைத்து, விபூதி குங்குமம் வைத்துத்தான் கை வைப்பார். அழுக்கோடு பிரித்த என்ஜின் அழுதுகொண்டே ஓடும் என்பார். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. மகள் பெரிய வேலை தொடங்குகிறாள். பெட்டியோ தூசியாய் இருந்தது. பின்னால் துணி போக மஞ்சள் ஒயர் ஒன்று இடைஞ்சலாக இருந்தது. கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன். பொட்டு வைத்தேன். அந்த ரூமில் எதையும் தொட்டால் வீட்டுக்குப் போ என்று மேனேஜர் முன்னமே சொல்லியிருந்தார். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

மஞ்சுளா வந்து முதல் பெட்டியை முடித்தாள். தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தாள். வாசல் திறந்தது. சந்தோஷமாக இரண்டாவதைச் சாத்தி வேலையைத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் போன் மேல் போன். எந்த வார்டிலும் உள்ளே போக முடியவில்லை. இரண்டாவது பெட்டி பாதி வேலையில் நிற்கிறது. முடிய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். முதல் பெட்டியோ அவள் லேப்டாப்புக்குத் திறக்கிறது, வார்டுக்குத் திறக்கவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆம்புலன்சில் ஒரு பெண் வந்தாள். இரண்டாவது பிரசவம். உடனே ஆபரேஷன் செய்யணும். முதல் பிரசவத்தில் இதே ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் மூச்சு நின்று, பிழைத்தவளாம். என்ன மருந்து என்று அவளுக்கும் தெரியாது, புருஷனுக்கும் தெரியாது. கம்ப்யூட்டரில் இருக்கிறது. கம்ப்யூட்டர் திறக்கவில்லை.

டாக்டரம்மா தானே மாடி ஏறி வந்தார். சத்தம் போடவில்லை. "பத்து நிமிஷம்தாம்மா. அதுக்கு மேல நான் தெரியாமயே மருந்து போடணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மஞ்சுளாவின் விரல் கீபோர்டில் தடுமாறியது. பத்தாவது படிக்கும்போது ஜுரத்தோடு பரீட்சை எழுதப் போனவள். அன்றைக்குக்கூட அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

எனக்குத் தாங்கவில்லை. வராண்டா ஜன்னலுக்குப் போனேன். அங்கிருந்து மலை முழுசாகத் தெரியும். அப்பனே, என் பொண்ணு கண்ணுக்குத் தப்பைக் காட்டு என்று கை கூப்பினேன். கூப்பிய கை கண்ணுக்கு நேராக வந்தது. மோதிர விரலில் குங்குமம்.

முதல் பெட்டிக்கு வைத்த பொட்டின் மிச்சம். அவள் கண்ணுக்குக் காட்டச் சொன்னேன். அவர் எனக்குக் காட்டினார்.

அடியார்களே, உண்மையைச் சொல்கிறேன். அப்போதும் நான் மகளிடம் ஓடவில்லை. வேலை போகும். மகள் பேர் கெடும். ஒருவேளை ஒயர் காரணமாக இல்லாமல் இருந்தால் வீணாக ஏன் சொல்ல வேண்டும்? இப்படியே நின்றேன். கீழே அந்தப் பெண் அலறியது கேட்டது. என் காலை நகர்த்து சாமி என்று இன்னொரு தடவை கேட்டேன். நகர்ந்தது.

"பாப்பா, அந்த மொதல் பொட்டிய நான் தொட்டேன்."

"எதப்பா தொட்ட?"

"தொடச்சி பொட்டு வச்சேன். பின்னால மஞ்ச ஒயர கழட்டி மாட்டனேன்."

அவள் போன் டார்ச்சை அடித்துக்கொண்டு பின்னால் குனிந்தாள். "பக்கத்து ஓட்டைல குத்தி வச்சிருக்கப்பா" என்றாள். ஒரே மாதிரி இரண்டு ஓட்டை. பிடுங்கி மாற்றிக் குத்தினாள். வார்டுகளுக்குப் போகும் ஒயர் அதுதானாம். லேப்டாப்புக்கு வருவது வேறு. அதனால்தான் அவளுக்கு மட்டும் திறந்திருக்கிறது.

கீழிருந்து போன் வந்தது. திறந்துவிட்டது. மருந்தின் பெயர் கிடைத்துவிட்டது. வேறு மருந்து போட்டு ஆபரேஷன் செய்தார்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து கிடந்தேன். குழந்தை அழுத சத்தம் கேட்டபிறகுதான் எழுந்தேன்.

மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். வார்டுத் திரையில் பார்க்காமல் அடுத்த பெட்டியைச் சாத்தியது என் தப்பு சார் என்று மஞ்சுளாவும் சொன்னாள். என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது நான் வாசல் கேட்டில் நிற்கிறேன். அவள் எந்த வேலை தொடங்கினாலும் முதலில் கேட்டுக்குப் போன் போட்டு, "இன்னிக்கு எதையாச்சும் தொட்டியாப்பா?" என்பாள். எழுதும்போதே சிரிக்கிறாள், பாருங்கள். பொட்டு இப்போது சர்வர் ரூம் கதவுக்கு வெளியில்தான்.

போன பௌர்ணமிக்கு அந்தப் பெண் கைக்குழந்தையோடு கோயிலுக்கு வந்தவள், ஆஸ்பத்திரிக்கும் வந்தாள். என்னை அவளுக்குத் தெரியாது. கேட் தாத்தா என்று நினைத்துக் குழந்தைக்கு விபூதி வைக்கச் சொன்னாள். வைத்தேன். அதே மோதிர விரலால்தான்.

பயத்தில் இருக்கிறவர்கள் என்னைப்போல மலையைப் பார்த்துக் கேளுங்கள். கட்டாயம் காட்டுவார். அவர் காட்டுவது உங்கள் கை விரலாக இருந்தால், மறைக்காதீர்கள். நடக்கக் காலும் அவரே கொடுப்பார்.