அம்மாவின் ராட்டையும் செம்பும்

அம்மா இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. மிச்ச மாத்திரைகளைத் திருப்பித் தருகிற சாக்கில் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையில் அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

அம்மா முப்பது வருஷம் பட்டுத் தறிக்காரர்களுக்கு ராட்டையில் ஜரிகைத் தார் சுற்றியவள். தார் என்றால் தறி நாடாவுக்குள் வைக்கிற, இழை சுற்றிய சின்னக் குழல். ஒரு தார் முடிந்ததும் இழையைப் பல்லால் கடித்து அறுப்பாள். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். மறதி நோய் வந்து என் முகமே மறந்த பிறகும் ராட்டை முன்னால் உட்கார்த்தினால் கை தானாகச் சுற்றும். சுற்றுகிற வரைக்கும் அழ மாட்டாள்.

நான்கு மாதம் முன்பு அந்த டாக்டர், படிக்கிற பிள்ளைகளுக்கு அம்மாவைக் காட்டிப் பாடம் எடுத்தார். மூளையில் இருக்கிற ஒரு புரோட்டீனோடு செம்பும் துத்தநாகமும் ஒட்டினால் அது கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும் என்றார். என் காதில் விழுந்தது செம்பு ஒன்றுதான். ஜரிகையில் செம்பு இருக்கிறது என்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? கடித்த ஒவ்வொரு தடவையும் அது அம்மாவுக்குள் போயிருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் ராட்டையைப் பரண்மேல் போட்டேன்.

அக்கா சண்டைக்கு வந்தாள்.

"அது ஒண்ணுதான்டா அம்மாவ அழாம வெச்சிக்கினு இருக்குது."

"டாக்டரே சொன்னாருக்கா. உனக்கு இன்னா தெரியும்?"

"நீ எட்டாவது பெயிலு. உனக்கு மட்டும் புரிஞ்சிடுச்சா?"

அதற்கப்புறம் அம்மா வெறும் கையைக் காற்றில் சுற்றிக்கொண்டே அழுதாள். என்னைப் பார்த்தாலே திட்டினாள். அவள் நல்லதுக்குத்தானே செய்கிறேன் என்று எனக்கும் எரிச்சல்தான் வந்தது.

இப்போது இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். அந்தச் செம்பு எல்லார் மூளையிலும் இருக்கிறதாம், அது இல்லாமல் மூளை வேலையே செய்யாதாம். சிலருக்கு அது ஏன் அந்தப் புரோட்டீனில் போய்ச் சிக்குகிறது, கட்டி முதலா, செம்பு முதலா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். ஜரிகையைக் கடித்ததால் இந்த நோய் வந்தது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லையாம்.

"அப்போ ராட்டைய குடுத்திருக்கலாமா சார்?"

"தாராளமா குடுத்திருக்கலாம்பா. ஏன், நீ கேக்கவே இல்லியே?"

நான்கு மாதத்தில் ஆறு தடவை அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். கேட்கவில்லை. எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ராட்டையை இறக்கினேன். அன்றைக்கு நான் பிடுங்கியபோது பாதி சுற்றிய தார் ராட்டையின் கதிர்க் கம்பியிலேயே இருந்தது. இழை அறுபடாமல் தொங்கியது.

அக்கா வாசலில் நின்று பார்த்தாள். "இப்ப எதுக்குடா எறக்குன?" என்றாள்.