முதலில் யார் வருவது?

வினிஃப்ரெட் துரைசானி வீட்டுல நான் ரொம்ப வருஷம் ஆயாவா இருந்தேன். நல்ல மனுஷி. ஆனா உடும்புப்பிடி! அவளை நினைச்சா எனக்குப் பாசமும் வரும், பத்திக்கிட்டும் வரும்.

சீனாவுல அமோய் துறைமுகத்துக்கு எதிர்ல கூலாங்சு தீவு. வெள்ளைக்காரங்க வீடெல்லாம் அங்கதான். அவ கல்யாணமாகி அங்க வந்து இறங்கினப்பவே முழுகாம இருந்தா. புருஷன் கலங்கரை விளக்குகளைப் பழுது பாக்குற எஞ்சினியர். பாதி நாள் கடல்லதான் கிடப்பாரு. அவ அக்கா மேபல், எங்கேயோ ஒரு ஊர்ல தலைப்பிரசவத்துல யாருமில்லாம தனியாக் கிடந்து செத்தவ. அதனால இவளுக்கு ஒரே ஆசை: வலி எடுக்கிறப்போ தன் பாஷை பேசுற ஒருத்தி பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கணும்.

தினமும் மத்தியானம் நல்ல கோப்பையெல்லாம் எடுத்து வைப்பா. எலுமிச்சை கேக் செய்வா. புதுக் கவுன் போட்டுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு உக்காருவா. ஒரு ஈ காக்கா வராது. அந்தக் கேக்கைத் தின்னு தின்னு நானும் சமையக்காரனும்தான் கொழுத்தோம்.

பக்கத்து லெகாட் துரைசானி வீட்டு ஆயா புவே ஒருநாள் மதில் மேல எட்டிப் பாத்தா. "உங்க வீட்டம்மாவுக்கு என்னடி அவ்வளவு திமிரு? வந்து எத்தனை மாசமாச்சு! எங்க பெட்டியில இன்னும் ஒரு சீட்டுகூடப் போடலையே!"

எல்லார் வீட்டுக் கேட்லயும் ஒரு தகரப் பெட்டி தொங்கும். புதுசா வர்றவங்கதான் வீடு வீடாப் போய்த் தன் பேர் போட்ட சீட்டை அதுல போடணும். அதுக்கப்புறம்தான் பழைய ஆளுங்க திரும்பிப் பாப்பாங்க. இதுவரைக்கும் பாதிரியார் வீட்டுலயே வேலை பாத்த எனக்கு இந்தக் கூத்தெல்லாம் அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எங்க துரைசானி பொறந்த ஊர்லயோ வழக்கம் நேர்மாறு. பழைய ஆளுங்கதான் முதல்ல வருவாங்களாம்.

ஓடிப்போய்ச் சொன்னேன். அவ மூஞ்சி சிவந்துபோச்சு.

"நானாப் போய்க் கதவைத் தட்டணுமா? நான் என்ன பிச்சைக்காரியா? இருக்கிறவங்கதான் முதல்ல வரணும். சமையக்கட்டு வம்பையெல்லாம் எங்கிட்ட கொண்டு வராதே."

துரைகிட்டயும் சொன்னேன். "பொம்பளைங்க விவகாரம்"னு சொல்லிட்டு அவரு பைப்பைப் பத்த வச்சுக்கிட்டாரு. கட்டையால அடிக்கலாம்னு இருந்துச்சு.

வலி எடுத்த அன்னைக்குப் புயல். துரை கலங்கரை விளக்குல மாட்டிக்கிட்டாரு. டாக்டரோட படகு அக்கரையை விட்டு நகரல. "மேபல்! மேபல்!"னு அவ வீடே அதிரக் கத்தினா. நான் கூட்டிட்டு வந்த உள்ளூர் மருத்துவச்சியை அவகிட்ட விட்டுட்டு, டிராயர்லேருந்து அவ பேர் போட்ட சீட்டு ஒண்ணை உருவிக்கிட்டு மழையில ஓடினேன். லெகாட் வீட்டுப் பெட்டியில அதைத் திணிச்சேன். கதவை உடைக்காத குறையாத் தட்டினேன்.

"அம்மா, சீட்டு வந்தாச்சு! வாங்க!"

லெகாட் துரைசானி தயங்கினா. "அதை அவங்கதானே கொண்டு வரணும், ஆயா?"

"எப்படிம்மா வருவா? அங்க புள்ள பாதி வழியில நிக்குது! நீங்களும் உங்க பெட்டியும் நாசமாப் போக!"

வேலை போச்சுன்னுதான் நினைச்சேன். அவ உள்ள போயிட்டு வந்தா. எதுக்குங்கிறீங்க? தொப்பி மாட்டிக்கிட்டு வர! அந்த மழையில!

ஆனா வந்தா. கட்டில்ல உக்காந்து இவ கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா.

"ஏன் இத்தனை நாளா வரல?"ன்னு முக்கலுக்கு நடுவுல இவ கேட்டா.

"நீங்கதானே முதல்ல வரணும்?"

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான்! பேசாம மூச்சை இழுத்து விடுங்க!"

பொட்டப்புள்ள பொறந்துச்சு. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. அப்புறம் ஒருத்தியை விட்டு ஒருத்தி பிரியல. இதுக்கா இத்தனை மாசம்னு எனக்கு ஆத்தாமையாப் போச்சு.

லெகாட் குடும்பம் சில வருஷம் கழிச்சு சீமைக்கே கப்பலேறிடுச்சு. அந்த வீட்டுக்குப் புதுசா ஒரு சின்னப் பொண்ணு வந்தா, வயித்தைத் தள்ளிக்கிட்டு. தினமும் மத்தியானம் ஜன்னலோரம் கோப்பைகளை வச்சுக்கிட்டுத் தனியா உக்காந்திருப்பா.

"போய் ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேம்மா"ன்னேன்.

எங்க துரைசானி தையல்லேருந்து தலையைத் தூக்கல. "அவதானே முதல்ல வரணும்? இந்த ஊர் வழக்கம்கூடத் தெரியாத பொண்ணா இருப்பா போல."

தலையில அடிச்சுக்கிட்டேன். டிராயரைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டு வாசலுக்குப் போனேன்.

"எங்க கிளம்பிட்டே?"

"மேபலைப் பாக்க"ன்னேன்.

ஊசி அப்படியே நின்னுச்சு.

"இரு"ன்னா. "தொப்பியை எடுத்துக்கிட்டு வரேன்."