மூன்று தட்டு சங்கரா

ஞானஜோதி டிராயிங்கில் ஹையர் கிரேடு பாஸ் பண்ணி, எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்துவிட்டுப் பதினாறு வருஷம் காத்திருந்தாள். பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் கவுன்டரில் இருக்கும் ஆள்தான் மாறியிருப்பார். கடைசியில் கேளம்பாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்தது, இரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க. வரையத் தெரிந்தவள் என்பது ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் மட்டும் அந்தப் பள்ளிக்கு ஞாபகம் வரும், தெர்மோகோல் வெட்டுவதற்காக.

காலை ஆறரைக்கு அவளும் கணவன் டெனிஸும் சேலையூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். அவன் திருமுடிவாக்கம் லேத் பட்டறைக்கு, அவள் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கு. வேலை பிடித்திருக்கிறதா என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுப் பல வருஷம் ஆகிறது. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த வருஷம்தான் மஹாலட்சுமி வந்து சேர்ந்தாள். கோவளம் குப்பத்துப் பிள்ளை. அம்மா அங்காளம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். இலவச ஒதுக்கீட்டில் சீட் கிடைத்த அந்தப் பெண் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கணக்கு நோட்டில் ஓர் எண்கூட எழுதவில்லை. அடித்துக் கேட்டாலும் வாய் திறக்க மாட்டாள் என்று மற்ற மிஸ்கள் கைகழுவிவிட்டார்கள். ஒருநாள் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு நண்டு இருந்தது. கொடுக்கும் காலும் சேர்த்துச் சரியாகப் பத்து. ஞானஜோதி பக்கத்தில் உட்கார்ந்து, "இதே மாதிரி ரெண்டு நண்டு இருந்தா மொத்தம் எத்தனை கால்?" என்று கேட்டாள். பிள்ளை இன்னொரு நண்டு வரைந்து, கீழே 20 என்று எழுதியது.

அன்று தொடங்கியது படக்கணக்கு. வெள்ளிக்கிழமை இரண்டு பீரியட், முதலில் வரைய வேண்டும், பிறகு எண்ண வேண்டும், அப்புறம்தான் விடை. வகுப்பு மொத்தமும் செய்தது. ஆனால் ஞானஜோதி அதை ஆரம்பித்தது அந்த ஒரு பிள்ளைக்காக. வாழ்க்கையில் தான் படித்த படிப்பு ஒருத்திக்காவது பிரயோஜனப்பட்டதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷம் கோஆர்டினேட்டர் சுப்ரஜா மேடம் கண்ணில் பட்டது. கெட்டவர் இல்லை, அவருக்கு மேலே இருப்பவர்கள் அந்த இரண்டு பீரியடையும் அபாகஸ் வகுப்பு நடத்தும் கம்பெனிக்குக் கொடுக்கச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார்கள். "ஒரு டெஸ்ட் வைங்க மிஸ். பேப்பரை நான் ரீசெக் பண்றேன். டிராயிங் அழகா இருக்குன்னு தப்பான ஆன்சருக்கு மார்க் போட்டது ஒண்ணே ஒண்ணு இருந்தாலும், நெக்ஸ்ட் வீக்லேர்ந்து அபாகஸ்" என்றார்.

டெஸ்டில் ஐந்தாவது கேள்வி: 12 மீன்களை 3 தட்டுகளில் சமமாகப் பங்கிட்டு வரைக. இருபத்து நான்கு பிள்ளைகளில் இருபத்து மூன்று பேர் தட்டுக்கு நான்காகப் போட்டிருந்தார்கள். மஹாலட்சுமி முதல் தட்டில் இரண்டு பெரிய சங்கரா மீன், அடுத்ததில் நான்கு நடுத்தரம், மூன்றாவதில் ஆறு பொடி வரைந்திருந்தாள். செதிலும் செவுளும் முதுகு முள்ளும் எதுவும் விட்டுப்போகவில்லை. விடை 2, 4, 6.

ஸ்டாஃப் ரூமில் அதைப் பார்த்த ஞானஜோதிக்குச் சிரிப்பு வந்தது. மார்க்கெட்டில் அவளும் மீன் வாங்குகிறவள்தானே. தட்டில் பிரித்து வைக்கிற மூன்று கூறும் ஒரே விலை. பெரிசு இரண்டு கிடைக்கிற காசுக்குப் பொடி ஆறு கிடைக்கும். யாரும் ஏமாறாத பங்கு. ஏழு வயதுப் பிள்ளை அதை யோசித்து வரைந்திருக்கிறது. இதைச் சுப்ரஜா மேடத்திடம் சொல்லலாம். சொன்னால் சிரித்துவிட்டு அபாகஸ் ஆளுக்குப் போன் போடுவார். பேப்பரை மூன்று தடவை கட்டின் அடியில் தள்ளி மூன்று தடவை எடுத்தாள். பிறகு சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டாள்.

படக்கணக்கு பிழைத்தது.

பெற்றோர் கூட்டத்துக்கு அங்காளம்மா வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். அடுத்த மேஜையில் சுப்ரஜா மேடம் உட்கார்ந்திருந்தார். அங்காளம்மா பேப்பரை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"இன்னா மிஸ்ஸு, கரெக்டா தானே கூறு போட்டுகீது. இன்னாத்துக்குத் தப்புன்னு போட்ட?"

"ஒவ்வொரு தட்டுலயும் நாலு இருக்கணும்மா. எண்ணிக்கைதான் கணக்கு."

"பெருசு நாலு ஒரு தட்டுல, பொடி நாலு ஒரு தட்டுல வெச்சா பொடிய எவ வாங்குவா?"

ஞானஜோதி அடுத்த மேஜையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். இந்த அம்மா சண்டை போட வேண்டும், பள்ளிக்கூடமே கேட்கிற மாதிரி கத்த வேண்டும் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. அங்காளம்மா கத்தவில்லை. கூட நின்ற மகள் பக்கம் திரும்பி, "மிஸ்ஸு படிச்சவங்க. அவங்க சொல்றதுதான் ரைட்டு. நீ மார்க்கெட்டுல பார்த்ததெல்லாம் இங்க போடாத, இன்னா?" என்றாள். பிள்ளை தலையாட்டியது. அங்காளம்மா கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடைத் திருப்பித் தரவும் முடியாமல் ஞானஜோதி நின்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, 15 ஆரஞ்சு, 5 கூடை. வகுப்பு முழுக்க க்ரேயான் சத்தம். மஹாலட்சுமி முதல் ஆளாக நோட்டை நீட்டினாள். படம் இல்லை. 3, 3, 3, 3, 3 என்று மட்டும் எழுதியிருந்தது.

"வரையலையாடா?"

"வேணாம் மிஸ்."

"ஒரே ஒரு கூடை. உனக்குப் பிடிச்ச மாதிரி வரை, யாரும் தப்பு போட மாட்டாங்க."

பிள்ளை க்ரேயான் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டது.

ரவுண்ட்ஸ் வந்த சுப்ரஜா மேடம் நோட்டை எட்டிப் பார்த்தார். "பரவாயில்லையே. படம் இல்லாமலே போட்டுட்டா பாருங்க. உங்க மெத்தட் நல்லாவே வேலை செய்யுது மிஸ்" என்று பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அவர் மனசாரத்தான் சொன்னார். விடை சரியாக இருந்ததால் ஞானஜோதி டிக் போட்டு, கீழே தேதி எழுதி, நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.