அனுசுயாவின் பத்தியச் சமையல்

அனுமந்தன்பட்டியில் யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும் முதலில் அனுசுயாவைத் தேடித்தான் ஆள் வரும். கஞ்சியும் ரசமும் அவள் கைக்கு அப்படி அமையும். அப்பேர்ப்பட்டவளின் வீட்டுக்காரன் தங்கப்பாண்டிதான் எலும்பும் தோலுமாகிப் போனான். திராட்சை லோடு ஏற்றிக் கேரளா போய்வரும் டிரைவர். எதைத் தின்றாலும் வயிற்றைக் கலக்கிவிடும்.

சோறுதான் ஆகவில்லை என்று அவளே முடிவு கட்டினாள். காலையில் கோதுமைக் கஞ்சி, ராத்திரி சப்பாத்தி. நோயாளிக்கு அதைவிட நல்லது உண்டா? ஊரே அதைத்தானே சொல்லும்! ஆனால் மனுசன் இன்னும் இளைத்தான்.

தேனியில் வாய்வழியே குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு அவளுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

"இவருக்குக் கோதுமைதாம்மா விஷம். மைதா, ரவை எதுவும் ஆயுசுக்கும் கூடாது. நிறுத்திட்டா குடல் தானா ஆறிடும்."

அடப் பாவமே, அப்படியென்றால் இத்தனை நாளாக அவள் ஊட்டியது? பஸ்ஸில் வழியெல்லாம் அழுதாள்.

அன்றோடு சோறு, இட்லி, கேப்பைக்கூழ்தான். கன்னம் கொஞ்சம் தெளிந்தது. அப்புறம் அதோடு நின்றுவிட்டது. திரும்பவும் வயிற்றுப்போக்கு. வெளியே எங்கேயோ சாப்பிடுகிறார் போல என்றார் டாக்டரம்மா. அனுசுயாவுக்கு வந்ததே கோபம்!

"எங்கன பரோட்டா தின்னீக? கூடலூர்லயா, குமுளியிலயா?"

"ஆத்தா சத்தியமா இல்லடி."

"உங்க சத்தியத்தக் கொண்டுபோயி கம்மாயில போடுங்க!"

அவன் அன்றிலிருந்து தூக்குவாளியில் அவள் கொடுத்துவிடுவதைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. வயிறு உப்பினால் மோர் கேட்பான். வாயுவுக்கு நல்லது என்று பெருங்காயத்தூளை அள்ளிப் போட்டுக் கரைத்துக் கொடுப்பாள். அவன் மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அதில் மட்டும் குறை வைத்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் ஒரு சொம்பு மோரை அவன் கையில் கொடுத்துவிட்டு, காலியான டப்பாவில் புதுப் பெருங்காயப் பாக்கெட்டைக் கொட்டினாள். பின்பக்கத்துச் சின்ன எழுத்து கண்ணில் பட்டது. பிஸ்கட், மசாலா என்று சகலத்தையும் திருப்பிப் படித்து வாங்குகிறவள்தான். பெருங்காயத்தை யார் படிப்பார்? கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம் என்று போட்டிருந்தது. கோதுமை மாவு!

ஓடிப்போய் அவன் வாயிலிருந்த சொம்பைத் தட்டிவிட்டாள். சட்டையெல்லாம் மோர்.

தங்கப்பாண்டி விக்கித்துப் போய்ப் பார்த்தான். "வெளிய ஒரு டீத்தண்ணி கூடக் குடிக்கலடி. நீ தாரத மட்டுந்தேன் திங்கிறேன். இன்னுமா என்னைய நம்பல?"

அவள் பாக்கெட்டை அவனிடம் நீட்டினாள்.

"அதனாலதேங்க" என்றாள். "அதனாலதேன் உங்களுக்குத் தீரல."