எச்.டி.எம்.ஐ போர்ட்டில் வைத்த நெயில் பாலிஷ்

1. மூன்றாவது பெட்டி

"குடுக்கும்போது படம் வந்துக்கினு இருந்திச்சி. இப்ப வரல. நடுவுல யாரு சார் சாப்ட்டது?"

கண்டாச்சிபுரம் ஏழுமலை கேட்ட கேள்வி இது. வளைகுடா நாட்டில் லாரி ஓட்டுகிறவர். லீவில் வந்தபோது தன் இரண்டு பெண்பிள்ளைகளுக்கு ஒரு புது கேம் கன்சோல் வாங்கி வந்திருந்தார். ஃபேன் சத்தம் போடுகிறது என்று விழுப்புரத்தில் எங்கள் சர்வீஸ் கடையில் கொடுத்தார். ஃபேன் சத்தம் போய்விட்டது. கூடவே படமும் போய்விட்டது. பெட்டி ஓடுகிறது, விளக்கு எரிகிறது, டி.வி.யில் மட்டும் 'நோ சிக்னல்'.

அந்த மாதத்தில் இப்படிப் போன மூன்றாவது பெட்டி அது.

கடையில் சீனியர் மெக்கானிக் நான். பெயர் தணிகாசலம். ரேடியோவில் ஆரம்பித்து, டெக், கலர் டி.வி., டி.வி.டி. என்று எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தாயிற்று. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் பெருமை இதில் ஒன்றும் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

2. யாரையும் நம்பாத தொழில்

சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்தது. "பொண்ணு பாக்க வந்தப்பவே மீட்டர் வெச்ச மாதிரிதான் என்னைப் பாத்தீங்க" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அந்தக் குணத்துக்கு இந்தத் தொழில் நன்றாகவே தீனி போட்டது. "தண்ணியே படலீங்க" என்று சத்தியம் செய்வார்கள். ரிமோட்டைச் சாய்த்தால் டீ சொட்டும். "கீழ வுழவே இல்ல சார்" என்பார்கள். மூலை நசுங்கியிருக்கும்.

அவர்களும் நம்மை நம்புவதில்லை. ஒரிஜினல் பார்ட்ஸைக் கழற்றிவிட்டு டூப்ளிகேட் போட்டுவிடுவோம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. அதனால் பொருளைக் கொடுக்கும் முன்பே உள்ளே அடையாளம் வைத்துவிடுவார்கள். ஒருவர் பேனாவால் கையெழுத்துப் போட்டிருப்பார், ஒருவர் கீறல் போட்டிருப்பார். அனந்தபுரத்திலிருந்து வந்த ஓர் அம்மா ஸ்பீக்கர் காந்தத்தில் குங்குமமே வைத்திருந்தார். அதிகம் வருவது நெயில் பாலிஷ். அழியாது, கண்ணுக்கும் பளிச்சென்று தெரியும்.

பழைய கேம் பெட்டிகளில் பிரச்சினை குறைவு. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பின். மஞ்சளில் படம், மற்ற இரண்டில் சத்தம். மாற்றிச் சொருகினால் படத்துக்குப் பதிலாக 'டர்ர்' என்று சத்தம் கேட்கும், அவ்வளவுதான். சரியாகச் சொருகினால் பழையபடி ஓடும். புதுப் பெட்டியில் அந்த மூன்றும் கிடையாது. படத்துக்கும் சத்தத்துக்கும் சேர்த்து ஒரே ஓட்டை, எச்.டி.எம்.ஐ போர்ட். அதற்குப் பின்னால் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு ஐ.சி. சில்லு. அது போனால் பெட்டி குருடு. ஏழுமலையின் பெட்டியிலும் மற்ற இரண்டிலும் போனது அந்த ஐ.சி.தான்.

ஏழுமலை பெட்டியைக் கொடுத்தபோது கவுன்டரிலிருந்த டெஸ்டிங் டி.வி.யில் போட்டு, படம் வருவதை அவரிடமே காட்டி, ரிஜிஸ்டரில் எழுதியிருந்தேன். ஆகவே இந்த முறை வாடிக்கையாளரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு வழியில்லை. கெட்டது கடைக்குள்தான். கடைக்குள் அந்தப் பெட்டிகளைத் திறக்கிற கை ஒன்றே ஒன்று.

3. மேரியின் மேஜை

லூர்து மேரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் முதலாளிக்குத் திண்டிவனத்தில் இன்னொரு கடை உண்டு. அங்கே மொபைல் போர்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை, கை சுத்தமாக இருக்கிறது என்று விழுப்புரத்துக்கு மாற்றினார். தினமும் திண்டிவனத்திலிருந்து பாசஞ்சரில் வந்து போவாள். என் கண்ணுக்குத் தெரியாத ஐ.சி. கால்களை எல்லாம் அவள் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஈயம் உருக்கி சால்டர் வைத்துவிடுவாள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

வந்த முதல் வாரமே, எலக்ட்ரீஷியனை அழைத்துத் தன் மேஜைக்குத் தனியாக எர்த் ஒயர் இழுத்துக்கொண்டாள். அதன் முனையில் ஒரு முதலைவாய்க் கிளிப். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் அந்தக் கிளிப்பை போர்டின் தகட்டில் மாட்டிவிட்டுத்தான் கை வைப்பாள்.

"இதெல்லாம் எதுக்கு மேரி? இத்தினி வருஷமா நாங்க செருப்பு கூட இல்லாம வேலை செய்யல?"

"நம்ம உடம்புல இருக்குற கரன்ட்டே இந்த ஐ.சி.க்குப் போதும்ண்ணே. ஒரு தடவ தொட்டா போயிடும்."

புத்தகத்தில் படித்ததைப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை முடிந்து மூடி போடும் முன், போர்டு திறந்தபடியே இருக்க, கவுன்டர் டி.வி.யிலிருந்து நீளக் கேபிளை இழுத்து வந்து அவள் மேஜையிலேயே படம் பார்ப்போம். அந்தக் கடைசி டெஸ்ட் மட்டும் என் கையால்தான். வேறு யார் சொருகிப் பார்த்து 'ஓகே' சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது. டி.வி.யைப் பார்த்துக்கொண்டே கேபிளைச் சொருகுவேன். அந்த மாதம் மூன்று முறை அப்படிச் சொருகினேன். மூன்று முறையும் 'நோ சிக்னல்' வந்தது. மூன்று முறையும் திரும்பி மேரியைத்தான் பார்த்தேன்.

ஏழுமலை கேள்வி கேட்டுவிட்டுப் போன மறுநாள், ஒரு வேலை செய்தேன். வாடிக்கையாளர்கள் நமக்குச் செய்வதை நான் அவளுக்குச் செய்தேன். என் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, அடுத்து வந்த பெட்டியில் அவள் வரும் முன்பே எச்.டி.எம்.ஐ போர்ட் மேலும் ஐ.சி. ஓரத்திலும் ஒவ்வொரு புள்ளி வைத்தேன். நல்ல ஐ.சி.யைக் கழற்றிக்கொண்டு கெட்டதை வைக்கிறாள் என்பது என் கணக்கு. சாயங்காலம் நான் டெஸ்ட் செய்தபோது அதுவும் குருடாகிவிட்டது. புள்ளி வைத்தது வைத்தபடி இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். திருடவில்லை என்றால் ஹாட் ஏர் மெஷினின் சூட்டுக் காற்றில் சுட்டுக் கெடுக்கிறாள் என்று கணக்கை மாற்றிக்கொண்டேன். ரிஜிஸ்டரில் நான்கு பெட்டிக்கும் நேராக, 'மேரி கை வைத்த பிறகு படம் இல்லை' என்று எழுதி முதலாளியிடம் காட்டினேன்.

"தணிகா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். இந்தப் பொண்ணால கடை பேரே கெட்டுடும் போல கீது" என்றார்.

மேரியைத் திண்டிவனம் கடைக்கே அனுப்பிவிட்டார்கள். சால்டர் தொடக்கூடாது, கவுன்டரில் மட்டும் நிற்க வேண்டும் என்று உத்தரவு. போகும்போது மைக்ராஸ்கோப்பைத் துணி போட்டு மூடிவிட்டு, "நான் எதையும் கெடுக்கலண்ணே" என்று மட்டும் சொன்னாள். எல்லோரும் சொல்வதுதானே என்று நான் என் மேஜைக்குத் திரும்பிவிட்டேன்.

அவள் போனதற்குப் பிறகு ஒரு பெட்டிகூடக் கெடவில்லை. என் சந்தேகத்துக்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன், ஐ.சி. வந்ததா என்று கேட்க வந்த ஏழுமலையிடமும் அப்படியே சொன்னேன்.

4. ஏழுமலையின் வீடியோ

ஏழுமலை பெட்டிக்கு வேண்டிய புது ஐ.சி. வெளியூரிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. வந்த அன்று அவரும் வந்து என் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அடுத்த வாரக் கடைசியில் அவர் திரும்ப வெளிநாடு போக வேண்டும்.

"நான் ஊருக்குப் போறதுக்குள்ள புள்ளைங்க ஒரு ஆட்டமாச்சும் ஆடணும் சார். கொஞ்சம் ஜல்தியா பாருங்க. நான் வீடியோ எடுத்துக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க."

போனை உயர்த்திப் பிடித்துவிட்டார். என் மேலேயே ஒருவர் சந்தேகப்படுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வேறு வழியில்லை.

கைவசம் இருந்தது ஒரே ஐ.சி. கெடுத்துவிடக் கூடாது என்ற பயத்தில் மேரியின் மேஜையில் உட்கார்ந்தேன். அவள் போன பிறகு சுருட்டி ஓரமாக வைத்திருந்த எர்த் கிளிப்பை எடுத்து, அவளைப் போலவே போர்டின் தகட்டில் மாட்டினேன். இரண்டு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐ.சி.யை வைத்தேன். பவர் கொடுத்தேன். நீளக் கேபிளை இழுத்து, டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சொருகினேன்.

நோ சிக்னல்.

"பொறி வந்திச்சே சார்" என்றார் ஏழுமலை.

"எங்க?"

வீடியோவை ஓட்டிக் காட்டினார். கேபிளின் முனை போர்ட்டைத் தொடுகிற இடத்தில் கடுகளவு நீலப் பொறி. சொருகுவது என் கை. முகம் மட்டும் எங்கேயோ டி.வி. பக்கம் திரும்பியிருந்தது.

மல்டிமீட்டரை எடுத்தேன். ஒரு முனையை எர்த் கிளிப்பிலும், மறுமுனையை டி.வி.யிலிருந்து வந்த எச்.டி.எம்.ஐ கேபிளின் இரும்பு வாயிலும் வைத்தேன். சைபர் காட்ட வேண்டிய இடத்தில் எண்பத்தாறு வோல்ட். பத்தடி தள்ளி இருந்த டி.வி.யிடம் போய் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கேபிள் டி.வி. ஒயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து பிடுங்கியதும் மீட்டர் சடசடவென்று இறங்கிவிட்டது. தெருக் கம்பத்திலிருந்து வந்த அந்த ஒயரில் எங்கிருந்தோ கரன்ட் கசிந்துகொண்டிருந்தது. டி.வி.க்கு இரண்டு பின் பிளக், எர்த் கிடையாது. கசிந்த கரன்ட் முழுக்க டி.வி. உடம்பில் ஏறி, அடுத்து எங்கே இறங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. கவுன்டரில் டெஸ்ட் செய்தால் பெட்டிக்கும் எர்த் இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை. கடையிலேயே ஒழுங்காக எர்த் இருந்த ஒரே இடம் மேரியின் மேஜை. அங்கே சொருகினால், கரன்ட் ஐ.சி. வழியாக இறங்கி ஓடும். அவள் போன பிறகு எல்லாப் பெட்டியையும் கவுன்டரிலேயே டெஸ்ட் செய்ததால்தான் ஒன்றும் கெடவில்லை.

அந்தக் கேபிள் டி.வி. ஒயரை இழுத்தது யார்? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிரிக்கெட் பார்ப்பதற்காக நான்தான் இழுத்தேன். பெட்டிகள் சாக ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். எல்லாவற்றையும் சந்தேகித்தவனுக்கு இது மட்டும் தோன்றவே இல்லை.

ஏழுமலை வீடியோவை நிறுத்தினார். "ஏன் சார், ஒரு பொம்பள கெடுத்துட்டாங்கன்னு அன்னிக்குச் சொன்னீங்களே. அவங்கதான் இங்க இல்லியே?"

எனக்குத் தலை நிமிரவில்லை. அவ்வளவு அவமானம் என் வாழ்நாளில் பட்டதில்லை.

5. திண்டிவனம்

அன்றைக்கே முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"சரி வுடு தணிகா. ஒயரைக் கழட்டிட்ட இல்ல? அதோட முடிஞ்சிது. அந்தப் பொண்ணு அங்க நல்லாத்தான் கீது. இப்பப் போய்ச் சொன்னா நமக்குத்தான் பேஜாரு."

அவர் சொன்னதில் ஒரு வசதி இருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ராத்திரி முழுக்க அந்த வசதியோடு படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. காலையில் ரிஜிஸ்டரைப் பையில் வைத்துக்கொண்டு பாசஞ்சரில் ஏறினேன். அவள் தினமும் வந்து போன அதே வண்டி.

மேரி கவுன்டரில் யாருடைய போனுக்கோ கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு குமிழி இல்லாமல் ஒட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். நெயில் பாலிஷ் வைத்ததையும் சொன்னேன்.

"அது தெரியும்ண்ணே. செவப்பு. ரெண்டு புள்ளி" என்றாள்.

"தெரியுமா? தெரிஞ்சும் ஏம்மா என்னைக் கேக்கல?"

"கேட்டிருந்தா, அந்தப் புள்ளி மேல உனக்கு இன்னா கண்ணுன்னு அதுக்கும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். மைக்ராஸ்கோப்புல அது இம்மாம் பெருசா தெரியும்ண்ணே. அத்தப் பாத்துக்கினேதான் அன்னிக்கு முழுக்க வேலை செஞ்சேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்குக் கலங்கவில்லை. "மன்னிச்சிடு மேரி" என்றேன். அவள், "ரிஜிஸ்டர் எடுத்துக்கினு வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

எடுத்துக் கொடுத்தேன். நான்கு வரியையும் விரல் வைத்து நிதானமாகப் படித்தாள். பிறகு என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"எம் பேரை அடிங்க. ஏன் போச்சுன்னு எழுதுங்க. எழுதிட்டு உங்க கையெழுத்துப் போடுங்க. அத்த முதலாளி பாக்கட்டும். அப்புறமா நான் வரணுமா வேணாமான்னு பேசிக்கலாம்."

நான்கு வரியையும் அடித்தேன். 'தணிகாசலம் இழுத்த கேபிள் டி.வி. ஒயரில் கரன்ட் கசிவு. தணிகாசலம் கேபிள் சொருகியபோது ஐ.சி. போனது' என்று நான்கு முறை எழுதி, நான்கு கையெழுத்துப் போட்டேன். முதலாளி அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் மேரியை அவரே போனில் கூப்பிட்டார்.

அவள் வந்தாள். இன்னொரு ஐ.சி. வரவழைத்து ஏழுமலையின் பெட்டியைச் சரிசெய்தாள். அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் படம் வந்தது. அதையும் அவர் விடாமல் வீடியோ எடுத்துக்கொண்டார்.

6. புதிதாக வருகிறவர்களுக்கு

நம் தொழிலில் சந்தேகப்படாமல் பிழைக்க முடியாது, அதை விடச் சொல்லவில்லை. உங்கள் கையில் இருக்கிற ஒயரிலிருந்து ஆரம்பியுங்கள். ஆள் மேல் போவது கடைசி. டெஸ்டிங் டி.வி.யை மூன்று பின் பிளக்கில் போடுங்கள், கேபிள் டி.வி. ஒயரை அதன் பக்கமே கொண்டுவராதீர்கள். எச்.டி.எம்.ஐ சொருகும்போது இரண்டு பக்கமும் பவரை அணைத்துவிடுங்கள். கண் டி.வி. மேல் வேண்டாம், கை மேல் இருக்கட்டும்.

இப்போது எங்கள் கடையில் கேபிள் சொருகும் முன், கேபிளின் வாய்க்கும் பெட்டியின் தகட்டுக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நான் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல மேரி, சொருகலாம்" என்பேன். "சரிண்ணே" என்பாள். சொல்லிவிட்டு, என் கையிலிருந்து மீட்டரை வாங்கித் தானும் ஒரு முறை வைத்துப் பார்ப்பாள். வருஷம் இரண்டாகப் போகிறது, ஒரு நாளும் தவறியதில்லை. நானும் கையை நீட்டி மீட்டரைக் கொடுத்துவிட்டு, அவள் பார்த்து முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டிருப்பேன்.