பத்துக் குடம் தண்ணீர்

என் படுக்கையறைச் சுவரில் சட்டம் போட்ட ஒரு படம் மாட்டியிருக்கிறது. மஞ்சள் பூத்துப்போன காகிதம். உற்றுப் பார்த்தால் ஒரு சேலைக் கரையும் மாட்டுக் கொம்பின் நுனியும் தெரியும். அம்மா என்று நான் சொன்னால்தான் அது அம்மா. "இதுல ஒண்ணுமே தெரியலீங்களே அத்தை, கழட்டிரட்டுங்களா?" என்று போன வாரம் மருமகள் கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

எழுபதுகளின் நடுவில், மீனாட்சிபுரத்துப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாவது படித்தேன். எங்கள் கெமிஸ்ட்ரி சாருக்குப் படம் பிடிக்கும் பைத்தியம். கழுத்தில் காமிரா இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. உப்பையும் அமிலத்தையும் கலந்து கலந்து அலுத்துப்போன எங்களிடம் ஒரு நாள், "அவங்கவங்க ஊட்டுல ஒருத்தரைப் படம் புடிச்சு, நீங்களே பிலிம் கழுவி, பிரிண்ட் போடுங்க. இதுதான் இந்த வருசப் பிராக்டிகல்" என்றார். சொன்னபடி வீடு வீடாக வந்தார். அதுவரை படமே எடுத்துக்கொண்டிராத என் அம்மா, கறந்துகொண்டிருந்த மாட்டை விட்டு எழுந்து, தலையைக்கூட ஒதுக்காமல் நின்றாள்.

சன்னலுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கிய பள்ளி ஸ்டோர் ரூமில், சிவப்புக் காகிதம் சுற்றிய பல்பு வெளிச்சத்தில், தட்டில் கிடந்த வெள்ளைத் தாளில் அம்மாவின் முகம் எழும்பி வந்தது. மூக்குத்திகூட வந்தது. அடுத்த தட்டில் ஹைப்போ என்கிற மருந்து. படத்தை நிலைக்க வைப்பது அதுதான். ஆனால் சுத்தமாக அலசாவிட்டால், நாள்பட அதுவே படத்தைத் தின்றுவிடும். "பத்துத் தண்ணி மாத்தோணும். கொறைச்சா இன்னிக்குத் தெரியாது, பின்னால தெரியும்" என்று சார் நூறு தடவை சொல்லியிருந்தார். பிலிமுக்கும் அதே கணக்குத்தான்.

அது பொல்லாத கோடை. பள்ளிக் கிணற்றில் காலையில் ஊறும் தண்ணீரைப் படத்துக்கென்று ஆளுக்குப் பத்துக் குடம் சார் ஒதுக்கியிருந்தார். எங்கள் வீட்டிலோ மாடு கன்று போட்டிருந்தது, தொட்டி காய்ந்து கிடந்தது. ஒரு துண்டுக் காகிதத்துக்குப் பத்துக் குடமா என்று எனக்கு வயிறு எரிந்தது. மூன்று குடத்தில் அலசிவிட்டு, மீதி ஏழு குடத்தையும் பள்ளிக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டுத் தொட்டியில் ஊற்றினேன். பிலிம் கழுவிய அன்றும் அப்படித்தான். "எம் புள்ளைக்கு இருக்கிற புத்தி ஆருக்கு வரும்!" என்று அம்மா பூரித்துப்போனாள். சார் கேட்டபோது "பத்துங்க சார்" என்றேன். ரெக்கார்டு நோட்டிலும் பத்து என்றே எழுதினேன். முழு மார்க் போட்டார்.

மறு வருடம் மஞ்சள் காமாலையில் அம்மா போய்விட்டாள். இருந்தது அந்த ஒரு படம்தான். முதலில் ஓரம் பழுத்தது. பிறகு கண், மூக்கு, வாய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுகை வரவில்லை. இன்றைக்கும் வருவதில்லை.

கல்யாணமாகிக் கோயமுத்தூர் போன பிறகு, பிலிமிலிருந்து வேறு பிரிண்ட் போட முடியுமா என்று கேட்க சாரைத் தேடிப் போனேன். அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருந்தார். நான் கொண்டுபோன பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதுவும் வெளுத்திருந்தது.

"மத்த புள்ளைக படமெல்லாம் நல்லாத்தானே இருக்குது. நீ பத்துத் தண்ணி அலசுனயில்ல?"

"அலசுனனுங்க சார்."

பிலிமை மேசைமேல் வைத்தார். "அப்ப மருந்துதான் பழசு. பழசுன்னு தெரிஞ்சேதான் கலக்குனேன், மிச்சம் புடிக்கிறேன்னு. உங்கம்மா மொகத்தை நானே அழிச்சுப்போட்டனே கண்ணு" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வாய் திறந்தது.

"பரவாயில்லைங்க சார், உடுங்க" என்றேன்.

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உனக்குப் பெரிய மனசு" என்றார்.